சந்திராவின் ஊர்ப் பெயர்

அக்காள் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு வந்தவன், பெட்டியைத் திறந்ததும் துணிமணிகளுக்கு முன்னால் எடுத்தது ஒரு சீட்டுக் கட்டு. ரம்மி ஆடும் கட்டு இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வண்ண ஓவியம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் விதிகள். செம்பட்டை முடி தீப்பிடித்து எரிய, உள்ளங்கையில் நெருப்பை உருட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணின் சீட்டை என்னிடம் நீட்டினான். “மாமா, இவ நம்ம ஊர்ப் பொண்ணு. பேரு சந்திரா.”

நிலவைக் குளிர்ச்சி என்று காலம் காலமாகப் பாடிவரும் நாட்டில், நெருப்பு வீசுகிறவளுக்கு யாரும் சந்திரா என்று பெயர் வைத்திருக்க மாட்டார்கள் என்றேன். “அதை விடுங்க மாமா. அவ பிறந்த ஊரோட பேரையே மாத்திட்டாங்க. அதுக்கு எவ்வளவு சண்டை தெரியுமா?” என்றான்.

தெரியாது. விசாரித்துப் பார்த்தேன். சீட்டுப் படங்களையும் பாத்திரங்களையும் பற்றிய சண்டைகள் 30 வருடங்களாக நடந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் சில, நமக்குத் தெரியாமலே நம்மைத் தொட்டுக்கொண்டு போயிருக்கின்றன.

ஆட்டத்தின் பெயர் ‘மேஜிக்: தி கேதரிங்’. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கியது. விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற நிறுவனம் 1993 ஆகஸ்டில் வெளியிட்டது. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளிகளோடு தொடங்குகிறார்கள். ஒவ்வொரு சீட்டும் ஒரு மந்திரம், அல்லது ஒரு பூதம், அல்லது ஒரு வீரன். எதிராளியின் புள்ளிகளைப் பூஜ்யமாக்கினால் வெற்றி. நம் வீட்டுச் சீட்டுக்கட்டு 52-இல் முடிந்துவிடும். இதில் வருடா வருடம் புதிய சீட்டுகள் வருகின்றன. இதுவரை வந்த வெவ்வேறு சீட்டுகள் 20,000-க்கும் அதிகம்.

விதிகளை மட்டும் அச்சடித்த வெள்ளை அட்டையை வைத்தும் இதை ஆடலாம். ஆனால் ஆட்டக்காரர்கள் காதலிப்பது படத்தைத்தான். டக்ளஸ் ஷூலர் என்ற ஓவியர் 1993-இல் வரைந்த ‘செரா ஏஞ்சல்’ என்ற தேவதையைப் பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் குலதெய்வம் மாதிரி பேசுகிறார்கள். படத்தின் கீழே ஓவியர் பெயரை அச்சிடும் நல்ல வழக்கமும் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. பத்து வயதில் பாக்கெட்டைக் கிழித்து எடுத்த ஒரு முகம் முப்பது வயதிலும் கூடவே வருகிறது. அதில் யாராவது கை வைத்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

முதலில் கை வைத்தது நிறுவனமேதான். அதே ஷூலர் வரைந்த ‘அன்ஹோலி ஸ்ட்ரெங்த்’ என்ற சீட்டில் ஒரு முரட்டு மனிதனுக்குப் பின்னால் ஐந்துமுனை நட்சத்திரம் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. இத்தகைய விளையாட்டுகள் பிள்ளைகளைச் சாத்தானிடம் கொண்டுபோய் விடுகின்றன என்று அமெரிக்கப் பெற்றோர்களில் ஒரு பகுதியினர் நம்பிய காலம் அது. 1995-இல் வந்த நான்காம் பதிப்பில் ஆள் மட்டும் நின்றான். நட்சத்திரம் காணாமல் போயிருந்தது. புதிதாக அரக்கர்களை உருவாக்குவதையும் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். 2002-இல் அரக்கர்கள் திரும்பி வந்தார்கள். சாத்தான் பயம் தணிந்துவிட்டது என்று கணக்குப் போட்டிருப்பார்கள். இது வியாபாரியின் ஜாக்கிரதை. கோயில் வாசலில் கடை வைத்திருப்பவர் எதைக் கண்ணில் படும்படி அடுக்குவது, எதை உள்ளே வைப்பது என்று பார்ப்பதில்லையா? அந்த மாதிரி.

அடுத்தது நம் வீட்டு வாசல் வரை வந்த விவகாரம். ஜப்பானின் போக்கிமான் சீட்டுகளை 1999-லிருந்து அமெரிக்காவில் அச்சிட்டு விற்றதும் இதே விஸார்ட்ஸ் நிறுவனம்தான். அசல் ஜப்பானியச் சீட்டுகளில் ஒன்று, ஒரு நிஞ்ஜாவின் தந்திரத்தைப் பற்றியது. அதன் ஓவியத்தில் இடதுபுறம் திரும்பிய ஸ்வஸ்திகம் இருந்தது. ஜப்பானியர்கள் அதை ‘மன்ஜி’ என்கிறார்கள். அவர்களுடைய வரைபடங்களில் புத்தர் கோயிலைக் காட்டும் குறியும் அதுதான். இறக்குமதியான அந்தச் சீட்டுகள் அமெரிக்கச் சிறுவர்கள் கையில் கிடைத்தன. யூதப் பெற்றோர்கள் அதிர்ந்துபோனார்கள். அவதூறு எதிர்ப்புச் சங்கம் என்ற யூத அமைப்பு புகார் செய்ய, 1999 டிசம்பரில் நிண்டெண்டோ நிறுவனம் அந்தச் சீட்டை ஜப்பானிலும் நிறுத்திவிடுவதாக அறிவித்தது. ஆங்கிலத்தில் வந்தபோது ஓவியமே வேறாக இருந்தது.

நம்மவர்களுக்கு உடனே கோபம் வரும். கடை திறக்கும்போதும் கணக்குப் புத்தகம் போடும்போதும் மஞ்சள் குங்குமத்தால் எழுதும் குறி அது. ஹிட்லர் 25 வருடம் கடத்திக்கொண்டு போனதால் நமக்கு இல்லாமல் போய்விடுமா? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கொடியின் கீழ் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரு பாட்டி பேரனின் சட்டைப் பையில் அந்தக் குறியைப் பார்த்து நடுங்கினால், அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்கப் பதிப்பில் வேறு படம் போட்டது புரிந்துகொள்ளக்கூடியது. ஜப்பானில் ஏன் நிறுத்த வேண்டும் என்பதுதான் கேள்வி. இரண்டு குறிகளும் எப்படி வேறுபடுகின்றன என்று நாலு வரி எழுதி விளக்கியிருந்தால், இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஏதோ கற்றுக்கொண்டிருப்பார்கள். துடைத்துவிடுவது அதைவிடச் சுலபமான வேலை.

இந்தக் கதைக்கு 21 வருடம் கழித்து ஒரு தொடர்ச்சி வந்தது. 2020 மே மாதத்தில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலின் கீழ் இறந்தார். அமெரிக்காவே தெருவுக்கு வந்தது. ஜூன் 10 அன்று விஸார்ட்ஸ் நிறுவனம் ஏழு பழைய சீட்டுகளை ஆட்டத்திலிருந்து விலக்கிவைத்தது. அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து அவற்றின் படங்களையும் நீக்கியது.

அவற்றில் முதலாவதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வந்திருக்க நியாயமில்லை. ‘இன்வோக் ப்ரெஜுடிஸ்’ என்ற 1994-ஆம் வருடச் சீட்டு. தலையை மூடிய கூரான முக்காடுகளோடு, கோடரி பிடித்த உருவங்கள். அமெரிக்காவில் கறுப்பர்களைக் கொன்ற கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலைப் பார்த்து வரைந்தது போலவே இருக்கும். போதாததற்கு, நிறுவனத்தின் பட்டியலில் அந்தச் சீட்டின் வரிசை எண் 1488. நவீன நாஜிகள் தங்களுக்குள் அடையாளத்துக்குப் பயன்படுத்தும் எண் அது. தற்செயலாக விழுந்ததாகவே இருக்கட்டும். இத்தனை வருடம் யாரும் கவனித்து மாற்றவில்லை என்பது தற்செயல் இல்லையே.

ஆனால் ஏழில் இன்னொன்றின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘பிரதேஷ் ஜிப்சீஸ்’. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் என்று நாம் சொல்லும் அதே பிரதேசம்தான். இதுவும் 1994-இல் வந்தது. ஆட்டத்தில் சின்னச் சீட்டு. எதிரியின் ஆள் ஒருவரின் தாக்கும் பலத்தை 2 குறைக்கும், அவ்வளவுதான். ஜிப்சி என்ற சொல் ரோமா மக்களை இழிவுபடுத்துகிறது என்பதால் அது விலக்கப்பட்டது.

ரோமா மக்கள் யார்? சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டுப் போனவர்களின் வாரிசுகள். அவர்களுடைய மொழி இந்திக்கும் பஞ்சாபிக்கும் உறவு. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர்கள் தப்பாக நினைத்ததில் பிறந்த சொல்தான் ஜிப்சி. நாஜிகள் கொன்ற ரோமா மக்கள் குறைந்தது 2 லட்சம் பேர். ஸ்வஸ்திகக் குறியைப் பிறந்த நாட்டிலிருந்து திருடிக்கொண்டு போனவர்கள், அதே நாட்டிலிருந்து போன மக்களைத்தான் அந்தக் குறியின் கீழ் கொன்றார்கள். இரண்டு சீட்டுகளும் இரண்டு விதத்தில் நம் சொத்து. இரண்டையும் எடுத்தபோது இந்தியாவில் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. நமக்குத் தெரியவே தெரியாது.

ஆட்டக்காரர்கள் அப்போது இரண்டாகப் பிரிந்தார்கள். கறுப்பின ஆட்டக்காரர்கள் பலர், “26 வருடம் தாமதம்” என்றார்கள். சீட்டுகளை எடுப்பது சுலபம், நிறுவனத்துக்குள் எங்களுக்கு வேலையும் பொறுப்பும் கொடுப்பதுதான் கஷ்டம் என்றும் சொன்னார்கள். இன்னொரு பக்கம், விலக்கப்பட்டவற்றில் சிலுவைப் போரின் பெயரிலும் ஜிஹாத் என்ற பெயரிலும் சீட்டுகள் இருந்தன. எந்த அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம் என்று கேட்டார்கள். பொதுவான ஓர் அறிக்கை வந்தது. ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனி விளக்கம் வரவில்லை. தவறை ஒப்புக்கொண்டதைப் பாராட்டலாம். ஆனால் படத்தையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், என்ன தவறு நடந்தது என்று பத்து வருடம் கழித்து வருகிற பையன் எப்படித் தெரிந்துகொள்வான்?

இனி சந்திரா. 2007-இல் முதல் சீட்டு வந்தபோது பெயர் மட்டும்தான் இந்தியப் பெயர். தோற்றம் வெள்ளைக்காரப் பெண். 2015-இல் அவளுக்குப் பூர்வ கதை எழுதினார்கள். பிறந்த உலகம் கலாதேஷ், அப்பா கிரண், அம்மா பியா. 2016 செப்டம்பரில் அந்த உலகத்தின் பெயரிலேயே ஒரு புதிய வரிசை வெளிவந்தது. பித்தளைச் சரிகை வேலைப்பாடு போன்ற இயந்திரங்கள், தோளில் புரளும் துணி, மாநிற முகங்கள், ரஷ்மி என்றும் சாஹிலி ராய் என்றும் பெயர்கள். ஓவியா பஷிரி என்று ஒரு மூதாட்டியும் உண்டு. ஓவியா! அந்தச் சீட்டைக் காட்டியபோது என் அக்காள் மகன் முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அச்சான ஒரு மாயாஜாலக் கட்டில் ஒரு தமிழ்ச் சொல்.

ஆனால் அம்மா பியா மாநிறம், மகள் வெளுப்பு. ரசிகர்கள் விடவில்லை. சந்திரா எங்களவளா, இல்லையா? ஓவியருக்கு ஓவியர் அவள் நிறம் மாறியது. கதையில் இந்தியப் பெண் என்று சொல்லிவிட்டுப் படத்தில் நழுவுகிறார்கள் என்று ஒரு தரப்பு. எட்டு வருடமாகப் பார்த்துப் பழகிய முகத்தை ஏன் மாற்ற வேண்டும் என்று இன்னொரு தரப்பு.

நிறச் சண்டை ஓயும் முன்னே மனசுச் சண்டை வந்தது. 2016-லிருந்து வந்த கதைகளில் சந்திராவுக்கும் நிஸ்ஸா என்ற வனமகளுக்கும் இடையே நட்பைத் தாண்டிய ஓர் ஈர்ப்பு மெல்ல வளர்ந்திருந்தது. தன்பால் ஈர்ப்பு கொண்ட வாசகர்கள் பலருக்கு அந்த ஜோடி முக்கியமாகிப் போனது. 2019 நவம்பரில் ‘வார் ஆஃப் த ஸ்பார்க்: ஃபர்சேகன்’ என்ற நாவல் வந்தது. சந்திராவுக்குப் பெண்கள் மேல் என்றைக்குமே நாட்டம் இருந்ததில்லை, ஆண்கள் மேல்தான் என்று அது சொன்னது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள்.

அவர்களுடைய கோபத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இருவரும் சேரவில்லை என்பதல்ல அவர்கள் குறை. கதைகளில் காதல்கள் முறியும், அது வாழ்க்கை. “என்றைக்குமே இருந்ததில்லை” என்ற அந்த வார்த்தைதான் குத்தியது. மூன்று வருடமாகப் படித்து, கண் கலங்கி, அதில் தங்களைப் பார்த்துக்கொண்டவர்களிடம், நீங்கள் படித்தது நடக்கவே இல்லை என்று சொன்னால்? அதே வார்த்தையை நிஜ வாழ்க்கையிலும் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். “உனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது, சும்மா இரு” என்று வீட்டில் சொல்வார்களே, அது. 2023-இல் வந்த கதையில் சந்திராவும் நிஸ்ஸாவும் முத்தமிட்டுக்கொண்டார்கள். நிறுவனம் தன் வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது என்றே ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஊர்ப் பெயர். 2025 பிப்ரவரியில் வந்த ‘ஈதர்டிரிஃப்ட்’ வரிசையில் அந்த உலகம் கலாதேஷ் இல்லை, அவிஷ்கார். புதுக் கண்டுபிடிப்பு என்று பொருள். பெயர் மாற்றத்துக்குக் காரணமாகப் பேசப்பட்டது பழைய பெயரின் இரட்டைப் பொருள். ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும் ஒன்றுதான். கலா தேஷ் என்று வாசித்தால் கலைகளின் நாடு. காலா தேஷ் என்று வாசித்தால் கறுப்பு நாடு. தமிழில் எழுதியிருந்தால் ஒரு துணைக்கால் தீர்த்துவைத்திருக்கும்.

சில ஆட்டக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். ஒன்பது வருடம் கூப்பிட்ட பெயர், யாரும் புண்படவில்லையே, எதற்கு இந்த வேலை? இதை அக்காள் மகனிடம் கேட்டேன். சீட்டுகளைக் குலுக்கிக்கொண்டே பதில் சொன்னான். ஐந்தாவது வரை அவன் படித்தது வடக்கே ஓர் ஊரில். வகுப்பில் அவன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லையாம். காலா என்றுதான் கூப்பிடுவார்களாம். தில்லியிலும் மும்பையிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அந்தச் சொல்லின் அர்த்தத்தை அகராதியில் தேட வேண்டியதில்லை. “அந்தப் பேரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதல்ல கண்ணுல பட்டது அந்த அர்த்தம்தான் மாமா. யார்கிட்டேயும் சொன்னதில்லை” என்றான். அவன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தி.

யாரும் புண்படவில்லை என்பது, யாரும் சொல்லவில்லை என்பதன் இன்னொரு பெயராகவும் இருக்கலாம்.

ஆனால் எனக்குப் பிடித்தது அவர்கள் மாற்றிய விதம். இந்த உலகத்துக்கு எப்போதுமே அவிஷ்கார் என்றுதான் பெயர் என்று சாதிக்கவில்லை. பழைய ஆட்சி கவிழ்ந்தது, மக்கள் தங்கள் நாட்டுக்குப் புதுப் பெயர் வைத்துக்கொண்டார்கள் என்று கதைக்குள்ளேயே எழுதினார்கள். நமக்குப் பழக்கமான சங்கதிதான். 1995-இல் பம்பாய் மும்பை ஆனது, 1996-இல் மெட்ராஸ் சென்னை ஆனது, 2001-இல் கல்கத்தா கொல்கத்தா ஆனது. பழைய பெயரில் போட்ட கடிதம் அதற்காகத் தொலைந்துபோய்விடவில்லை. 2016-இல் வந்த சீட்டையும் 2025-இல் வந்த சீட்டையும் ஒரே கட்டில் சேர்த்து வைத்து நண்பர்களோடு ஆடலாம்.

எல்லாச் சண்டையும் இவ்வளவு கௌரவமாக முடிவதில்லை. 2023-இல் டோல்கீனின் கதையை வைத்து வந்த சீட்டுகளில் அரகார்ன் என்ற அரசன் கறுப்பராக வரையப்பட்டபோது ஏச்சும் பேச்சும் அசிங்கமாகவே இருந்தன. நாவலில் அவன் முகம் வெளிறியது என்று எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் பழைய புத்தகம் அலமாரியில் அப்படியே இருக்கிறது. அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஒரு கதையை எத்தனை விதமாகவும் சொல்லலாம், வரையலாம் என்று இராமாயணம் வளர்ந்த நாட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

2024 ஜனவரியில் வந்தது வேறு வகைச் சண்டை. நிறுவனத்தின் விளம்பரப் படம் ஒன்று மனிதக் கையால் ஆனதல்ல, செயற்கை நுண்ணறிவுக் கருவியின் வேலை கலந்திருக்கிறது என்று ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். முதலில் நிறுவனம் மறுத்தது. சில நாளில், படத்தில் சில பகுதிகள் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டது. வருடக்கணக்காக அவர்களுக்கு வரைந்த ஓவியர் ஒருவர் இனி வரையமாட்டேன் என்று விலகினார். சீட்டின் கீழே ஓவியர் பெயரை அச்சிட்டு வளர்ந்த நிறுவனம் அது. அந்தப் பெயர்தான் அதன் நாணயம். ஆட்டக்காரர்கள் கேட்டது அதைத்தான்.

மாற்றம் பாவமில்லை. அடையாளமே தெரியாமல் துடைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்பதுதான் ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. என்ன மாற்றினோம், யாருக்காக மாற்றினோம் என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

நம் நாட்டிலும் தெய்வங்களை வரைந்து சீட்டாடியிருக்கிறார்கள். வங்காளத்து விஷ்ணுபூரின் தசாவதாரச் சீட்டுகள் புகழ்பெற்றவை. வட்டமான சீட்டுகள், பத்து அவதாரங்களுக்குப் பத்து வகை, மொத்தம் 120. அதில் புத்தர் இருக்க வேண்டிய இடத்தில் ஜகந்நாதரை வரைந்திருப்பார்கள். இவ்வளவு பெரிய பாத்திர மாற்றம் வேறு எந்தச் சீட்டாட்டத்தில் உண்டு? ஆனால் வரைந்தவரும் ஆடியவரும் ஒரே ஊர்க்காரர்கள். ஏன் இப்படி வரைந்தாய் என்று கேட்க வேண்டுமானால் நாலு தெரு தள்ளி நடந்தால் போதும். அமெரிக்க நிறுவனம் உலகத்துக்கே சீட்டு அச்சிடுகிறது. அதன் ஓவியர் வீட்டுத் திண்ணை நமக்கு எட்டாது. அதனால்தான் குரல் இவ்வளவு உயர்கிறது.

ஊருக்குக் கிளம்பும்போது அக்காள் மகன் சந்திராவின் சீட்டை எனக்கே கொடுத்துவிட்டுப் போனான். ஓவியாவைக் கேட்டேன். அதை மட்டும் தரவில்லை.